துப்பாக்கி இல்லாத துப்பாக்கிச் சேகரிப்பு

பழைய ஐரோப்பியக் கைத்துப்பாக்கிகள் மேல் எனக்குள்ள பைத்தியம் சிம்பாங் பூலாயில் பலருக்கும் தெரிந்ததுதான். புதிதாகக் கேள்விப்படுகிறவர்கள் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தம்பி, இது போலீசுக்குத் தெரியுமா?" என்பார்கள். "தெரிஞ்சா என்னண்ணே, வீட்டுல ஒரு துப்பாக்கிகூடக் கிடையாதே" என்பேன். உண்மையும் அதுதான்.

நம் மலேசியச் சட்டம் இந்த விஷயத்தில் மிகவும் கண்டிப்பானது. 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி அனுமதி இல்லாமல் துப்பாக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. 1971-இல் தண்டனையை அதிகப்படுத்தி இன்னொரு சட்டம் வந்தது. அதன்படி சட்டவிரோதமாக வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறை, கூடவே பிரம்படி. போலித் துப்பாக்கிக்கும் கட்டுப்பாடு உண்டு. அமெரிக்காவில் 1899-க்கு முன்னால் செய்த துப்பாக்கியை மத்தியச் சட்டம் பழம்பொருளாகவே பார்க்கிறது. இங்கிலாந்தில் அலங்காரத்துக்கோ அரும்பொருளாகவோ வைத்திருக்கும் பழைய துப்பாக்கிகளுக்கு விலக்கு இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் ஏலத்தில் எடுத்து வரவேற்பறையில் மாட்டிக்கொள்கிறார்கள். எனக்கு அந்த ஏக்கம் இல்லை. நம் சட்டம் இப்படி இருப்பதே நல்லது என்று நினைக்கிறவன் நான். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

என்னிடம் இருப்பவை புத்தகங்கள். லண்டன் ஏல நிறுவனங்கள் அச்சிடும் விற்பனைப் பட்டியல்கள், அருங்காட்சியகங்கள் வெளியிட்ட படநூல்கள், நானே பெரிதாக்கி அச்சடித்த புகைப்படங்கள், ஒவ்வொரு உறுப்பையும் பார்த்துப் பார்த்து வரைந்து வைத்த தாள்கள். ஏலப் பட்டியலை விலைப்பட்டியல் என்று நினைத்து ஒதுக்க வேண்டாம். நல்ல பட்டியலில் ஒரு துப்பாக்கியை நாலு பக்கத்திலிருந்தும் படம் எடுத்திருப்பார்கள். குழலின் நீளம், செய்தவரின் முத்திரை, எந்தப் பாகம் பிற்காலத்தில் மாற்றப்பட்டது, எந்த ஆணி புதியது என்பது வரைக்கும் எழுதியிருப்பார்கள். பொருளைக் கையில் வாங்கியவர்கூட அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்.

ஈப்போவில் ஓர் இன்ஜினியரிங் பட்டறையில் ஃபிட்டராக வேலை பார்த்தவன் நான். குவாரி இயந்திரங்களுக்கு உதிரிபாகம் செய்து கொடுப்போம். அரம் பிடித்துப் பழகியவனுக்கு ஒரு விஷயம் தெரியும்: ஓர் இரும்புத் தகட்டைக் கையால் ராவி, எந்தப் பக்கம் மட்டப்பலகை வைத்தாலும் வெளிச்சம் ஊடுருவாதபடி தட்டையாக்குவதுதான் இருக்கிற வேலைகளிலேயே கடினமானது. இந்தத் துப்பாக்கிகளைச் செய்த காலத்தில் மில்லிங் இயந்திரம் கிடையாது, மின்சாரம் கிடையாது, மைக்ரோமீட்டர் கிடையாது. அந்தக் காலத்தில் இந்த வேலையைச் செய்தவர்களை நினைத்துத்தான் நான் இந்தப் பக்கம் வந்தேன். சுடுவதில் எனக்கு ஆர்வமே கிடையாது.

கைத்துப்பாக்கியைப் பார்க்கிறவர்கள் முதலில் கைப்பிடியில் இருக்கிற வெள்ளி வேலையைப் பார்ப்பார்கள், அப்புறம் குழலைப் பார்ப்பார்கள். நான் பார்க்கச் சொல்வது பக்கவாட்டில் பதித்திருக்கும் தகட்டையும் அதன் பின்னால் ஒளிந்திருக்கும் உறுப்புகளையும். இந்த அமைப்பு முழுவதையும் சேர்த்து 'லாக்' என்பார்கள். சக்கிமுக்கிக் கல் துப்பாக்கியில் வெளியே தெரிவது 'குதிரை' என்கிற சுத்தியல், அதன் வாயில் கல், எதிரே எஃகுத் தகடு, அதன் அடியில் கொஞ்சம் வெடிமருந்து வைக்கும் கிண்ணம். உள்ளே இருப்பது, இரண்டாக மடிந்த ஒரு தகட்டு வில், குதிரையின் அச்சோடு சுழலும் ஓர் எஃகுத் துண்டு, அதில் வெட்டிய இரண்டு பள்ளங்கள், அந்தப் பள்ளத்தில் மூக்கை நுழைத்துக்கொண்டு நிற்கும் ஒரு கொக்கி. முதல் பள்ளத்தில் நின்றால் விசையை இழுத்தாலும் சுடாது. இரண்டாவதில் நின்றால் விரல் பட்டால் போதும்.

விசையை இழுத்ததும் குதிரை பாய்ந்து கல்லை எஃகின் மேல் உரசுகிறது. தீப்பொறி கல்லிலிருந்து வருகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் கல் எஃகைச் சீவுகிறது, சீவிய தூள்தான் காற்றில் எரிந்தபடி விழுகிறது. பட்டறையில் சாணைக்கல்லிலிருந்து பறப்பதும் அதே எஃகுத் தூள்தான். அந்த எஃகுத் தகடு மிருதுவாக இருந்தால் பொறி வராது, அளவுக்கு மீறிக் கடினமாக இருந்தாலும் வராது. அதனால் இரும்பை எலும்புக்கரி, தோல் துண்டுகளோடு சேர்த்துப் பெட்டிக்குள் அடைத்து, மணிக்கணக்கில் சூடாக்கி, தண்ணீரில் தோய்த்து, மேல்தோலை மட்டும் எஃகாக்கினார்கள். வில்லுக்கு வேறு பதம். செம்பழுப்பாகக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, மறுபடி இளஞ்சூட்டில் நீலம் பாயும் வரை காட்டி எடுக்க வேண்டும். வெப்பமானி இல்லாமல், உலோகத்தின் நிறத்தைக் கண்ணால் பார்த்தே இத்தனையும் செய்தார்கள். 200 வருடம் கழித்து அந்த வில் இன்னமும் துள்ளுகிறது. நாங்கள் செய்த வில்லில் எத்தனை அப்படி நிற்கும்!

இதற்கும் முந்தியது சக்கரத் துப்பாக்கி. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. ஒரு சாவியால் முறுக்கினால் உள்ளே சின்னச் சங்கிலி வில்லை இழுத்துப் பிடிக்கும். விசையை இழுத்ததும் பற்கள் கொண்ட சக்கரம் சுழன்று பைரைட் கல்லில் உரசும், கிண்ணத்தின் மூடி தானாகவே விலகும். அதற்கு முந்திய துப்பாக்கிகளைப் போலக் கையில் திரி எரிய வேண்டியதில்லை என்பதால், உடைக்குள் மறைத்து எடுத்துப் போகக்கூடிய முதல் துப்பாக்கி இதுதான். வந்த வேகத்திலேயே புனித ரோமானியப் பேரரசர் முதலாம் மாக்சிமிலியன் இதற்குத் தடை போட்டார். அவருடைய பேரன் ஐந்தாம் சார்லஸுக்கு மூனிக் நகரத்துப் பீட்டர் பெக் 1540-களில் செய்து கொடுத்த இரட்டைக் குழல் கைத்துப்பாக்கி இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெக் கடிகாரமும் செய்தவர். அந்தப் படத்தை நான் எத்தனை இரவு பார்த்திருக்கிறேன் என்று கணக்கில்லை. துப்பாக்கியும் கடிகாரமும் ஒரே மேசையில் பிறந்தவை என்பது அந்த ஒரு படத்திலேயே புரிந்துவிடும்.

சக்கரத் துப்பாக்கி விலை அதிகம், பழுதும் அதிகம். 1610-ஐ ஒட்டி பிரான்சில் லிசியூ ஊர்க்காரர் மாரின் லெ புர்ஷுவா செய்த சக்கிமுக்கி லாக் அதை மெல்ல ஓரங்கட்டியது. பிறகு 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஐரோப்பாவில் பெரும்பாலும் அதுதான். அலங்காரத்தில் உச்சம் தொட்டவர் வெர்சாய் பட்டறையின் தலைமைக் கலைஞர் நிக்கோலா நோயல் பூத்தே. நெப்போலியன் காலத்தில் பரிசளிக்கும் துப்பாக்கிகளுக்கு அவர்தான் பெயர் போனவர். தங்கம், செதுக்கிய கட்டை, நீலம் ஏற்றிய குழல் என்று கண்ணைப் பறிக்கும். எனக்கு அது கொஞ்சம் அதிகப்படியாகத்தான் தெரிகிறது. அதே காலத்து லண்டன் ராபர்ட் வாக்டன், ஜோசப் மாண்டன் செய்தவற்றைப் பாருங்கள். அலங்காரம் குறைவு, ஒரு கோடு அதிகமில்லை. கிண்ணத்தின் தீ குழலுக்குள் போகும் தீத்துளைக்கு மட்டும் தங்கத்தில் ஒரு வளையம் இருக்கும். அது அழகுக்கு வைத்ததில்லை. மருந்தின் புகை இரும்பை அரித்துவிடும், தங்கத்தை ஒன்றும் செய்யாது. எஃகுத் தகட்டுக்கு அடியில் ஒரு குட்டி உருளை வைத்திருப்பார்கள், உராய்வு குறைவதற்காக. தேவையான இடத்தில் மட்டும் செலவு செய்த இந்தப் புத்திக்குத்தான் என் ஓட்டு.

ஆனால் என் மனதுக்கு மிகவும் நெருங்கியது ஸ்காட்லாந்துக் கைத்துப்பாக்கி. டூன் என்று ஒரு சின்ன ஊர். 1646-இல் தாமஸ் காடெல் என்ற கொல்லர் அங்கே வந்து உலை போட்டார். அவர் பரம்பரையும், அவரிடம் தொழில் கற்றவர்களும் 100 ஆண்டுக்கு மேல் அந்த ஊரையே கைத்துப்பாக்கிக்குப் பெயர் பெற்றதாக்கினார்கள். மரமே இருக்காது, கைப்பிடியும் உலோகம்தான். பிடியின் நுனி ஆட்டுக்கிடாய்க் கொம்புபோல இரண்டாகச் சுருளும், நடுவில் ஒரு குமிழ். அதைத் திருகி எடுத்தால் தீத்துளையைச் சுத்தம் செய்யும் ஊசி. விசையும் ஒரு சிறு உருண்டைதான், அதைச் சுற்றிக் காப்பு வளையம் கிடையாது. 1746-இல் கல்லோடன் போரில் மலைநாட்டார் தோற்ற பிறகு ஆயுதம் வைக்கவே தடை வந்தது, டூன் ஊரின் தொழிலும் தேய்ந்தது. பிறகு சக்கிமுக்கிக் கல்லுக்கே முடிவு கட்டியவரும் ஸ்காட்லாந்துக்காரர்தான். அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்ற பாதிரியார், தட்டினால் வெடிக்கும் மருந்தைக் கொண்டு புது லாக் செய்து 1807-இல் காப்புரிமை வாங்கினார். கிண்ணத்து மருந்து பளிச்சென்று எரிவதைப் பார்த்துவிட்டு வாத்துகள் பறந்துவிடுகின்றன என்பதுதான் அவருக்கிருந்த குறை.

ஸ்காட்லாந்து என்றதும் நம் பக்கத்து ஆட்களுக்கு வேறொன்று ஞாபகம் வரும். இங்கிருந்து அதிக தூரமில்லை, கோப்பெங்குக்கும் பத்து காஜாவுக்கும் இடையில் நிற்கிற கெல்லிஸ் காசல். ஸ்காட்லாந்திலிருந்து வந்து கிந்தாவில் ரப்பர்த் தோட்டம் போட்ட வில்லியம் கெல்லி ஸ்மித் 1915-இல் அதைக் கட்டத் தொடங்கினார். செங்கல் அடுக்கியவர்களும் சுண்ணாம்பு பூசியவர்களும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். 1918-இல் விஷக்காய்ச்சல் வந்து அவர்களில் பலர் செத்துப்போனார்கள். மிஞ்சியவர்கள் மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பித் தரச் சொல்லிக் கேட்டார்கள், துரையும் கட்டிக் கொடுத்தார். 1926-இல் அவர் லிஸ்பனில் இறந்தார், மாளிகை பாதியில் நின்றது. மாளிகைக்கு அவர் பெயர் இருக்கிறது. செங்கல் அடுக்கியவர்கள் யார் பெயரும் நமக்குத் தெரியாது.

துப்பாக்கித் தொழிலிலும் இதே கதைதான். லாக் தகட்டின் மேல் பொறித்திருக்கும் பெயர் பெரும்பாலும் கடைக்காரருடையது. பர்மிங்காம் வட்டாரத்தில் ஒரு துப்பாக்கி உருவாகப் பல பேர் கை மாற வேண்டும். குழல் அடிப்பவர் ஒருவர், குடைபவர் ஒருவர், கட்டை செதுக்குபவர் ஒருவர், சித்திரம் வெட்டுபவர் ஒருவர். லாக் ராவுவதற்கென்றே டார்லஸ்டன், வெட்னஸ்பரி ஊர்களில் வீட்டுக்கு வீடு பட்டறை இருந்தது. உயர்ந்த ரகக் குழலுக்கு, குதிரை லாடத்தில் தேய்ந்துபோன பழைய ஆணிகளைப் பொறுக்கி எடுத்துக் காய்ச்சி, பட்டையாக்கி, கம்பியில் சுற்றிச் சுற்றி அடித்துப் பற்றவைத்தார்கள். முடிவில் லண்டன் கடைக்காரர் தன் பெயரைப் பொறித்துக்கொள்வார். கட்டையைக் கழற்றினால் உள்பக்கத்தில் சில நேரம் இரண்டு எழுத்து மட்டும் முத்திரையாக இருக்கும். ராவியவர் விட்டுப் போன அடையாளம் அதுதான். ஏலப் பட்டியலில் நான் முதலில் தேடுவதும் அதைத்தான்.

இங்கிலாந்தில் பிராண்டன் என்ற ஊர் சக்கிமுக்கிக் கல்லுக்குப் பேர்போனது. நெப்போலியனோடு நடந்த போர்களில் ஆங்கிலேயப் படைக்கு அங்கிருந்துதான் கல் போயிற்று. கல்லைச் சில்லுச் சில்லாகத் தட்டி எடுத்தவர்கள் அந்தத் தூசியை மூச்சில் வாங்கி, நுரையீரல் கெட்டு, வயதாகும் முன்பே செத்தார்கள். தங்கமுலாம் பூசியவர்கள் பாதரச ஆவியில் செத்தார்கள். குவாரிக்குப் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு இதை அழகியலோடு மட்டும் வாசித்துவிட்டுப் போக முடியவில்லை. வேலைப்பாட்டை ரசிக்கும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

இனி, சட்டம் ஏன் இப்படி இருப்பது நல்லது என்றேனே, அதற்கு வருகிறேன். பேராக் மாநிலத்தில் வளர்ந்த யாருக்கும் 1948 ஜூன் 16 தெரிந்திருக்கும். சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரே காலையில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். ஆங்கிலேயர் ஆண்ட மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. அதன் பிறகு இடுப்பில் ரிவால்வர் இல்லாமல் துரை வெளிக்காட்டுக்குப் போனதில்லை என்று அப்பா சொல்லுவார். தொழிலாளர் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்வேலி, பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு நிற்கும்போது பால்மரத் தொழிலாளிகளின் கண் துரையின் முகத்தில் நிற்காது, இடுப்பில்தான் நிற்குமாம்.

அந்தக் காலத்தில் அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு. பட்டுக்கோட்டைப் பக்கம் தம்பிக்கோட்டையில் பிறந்து, அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக உயர்ந்த எஸ். ஏ. கணபதியை 1949 மார்ச்சில் ராவாங் அருகே பிடித்தார்கள். கையில் ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாக்களும் இருந்தன என்பது குற்றச்சாட்டு. கண்டெடுத்ததைப் போலீசில் ஒப்படைக்கத்தான் எடுத்துப் போனேன் என்றார் அவர். இந்திய அரசு மன்னிப்புக்காகப் பேசிப் பார்த்தது, பலிக்கவில்லை. 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். ஒரு கைத்துப்பாக்கியின் விலையாக ஒரு தமிழ்த் தொழிற்சங்கத் தலைவரின் உயிர் போன நாடு இது. இதைத் தெரிந்துகொண்டு, வரவேற்பறையில் ஒரு துப்பாக்கியை மாட்டிவைக்க எனக்கு மனம் வராது. கண்ணாடிக்குப் பின்னால், அருங்காட்சியகத்தில், எல்லோரும் பார்க்கும்படி இருப்பதுதான் அதற்குரிய இடம்.

அந்த மே 4-க்குச் சரியாக 150 ஆண்டுக்கு முன், 1799 மே 4 அன்று, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் விழுந்தார். துப்பாக்கித் தொழில் நமக்கு வெளியிலிருந்து வந்தது மட்டும்தான் என்று நினைப்பவர்கள் திப்புவின் பட்டறைகளைப் பற்றிப் படிக்க வேண்டும். 1788-இல் அவருடைய தூதர்கள் வெர்சாய் போய்ப் பதினாறாம் லூயியைப் பார்த்தார்கள். படையுதவியோடு கைவினைஞர்களையும் கேட்டார்கள், சிலர் வந்தும் சேர்ந்தார்கள். ஆனால் அங்கே பிறந்த துப்பாக்கி பிரெஞ்சு நகல் இல்லை. லாக் ஐரோப்பிய முறையில் இருக்கும், உருவம் முழுக்கத் திப்புவுடையது. குதிரை புலித்தலையாக மாறியிருக்கும், குழலில் புலிவரிகள் ஓடும், திப்பு ஏற்படுத்திய மௌலூதி ஆண்டுக்கணக்கில் தேதி பொறித்திருக்கும். கோட்டை விழுந்ததும் படை அதிகாரிகள் அள்ளிக்கொண்டு போனார்கள். 2015-இல் லண்டனில் திப்புவின் ஆயுதங்கள் ஏலத்துக்கு வந்தபோது மொத்தம் 60 லட்சம் பவுண்டுக்கு மேல் போயிற்று. அந்தப் பட்டியல் நூல் என் அலமாரியில் நடுத்தட்டில் இருக்கிறது. அதில் இருப்பவை ஒவ்வொன்றாகச் சிதறிப் போனதில் எனக்கு இன்னமும் வருத்தம் உண்டு.

படத்தில் பார்த்துப் பழகிவிட்டு நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் லண்டன் வாலஸ் சேகரிப்புக்கும் லீட்ஸ் ராயல் ஆர்மரீஸுக்கும் போகலாம். நம்மில் பலர் சென்னைக்குத்தான் போகிறோம், கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் துணி எடுக்கவும். அங்கே புனித ஜார்ஜ் கோட்டைக்குள் 1948-இல் திறந்த அருங்காட்சியகத்தில் கிழக்கிந்தியக் கும்பெனிக் காலத்துக் கைத்துப்பாக்கிகள் இருக்கின்றன. எழும்பூர் அருங்காட்சியகத்தில், 1855-இல் தஞ்சை மராட்டிய அரசு முடிவுக்கு வந்த பிறகு அரண்மனையிலிருந்து எடுத்து வந்த ஆயுதங்களைப் பார்க்கலாம்.

கும்பெனித் துப்பாக்கியைப் பார்த்தால் லாக் தகட்டில் குறி இருக்கிறதா என்று கவனியுங்கள். 1808-ஐ ஒட்டிய காலம் வரை இதய வடிவம், அதை நான்காகப் பிரித்து எழுத்துகள். பிறகு பின்னங்காலில் எழுந்து நிற்கும் சிங்கம். குறியைப் பார்த்தாலே காலத்தைக் கணித்துவிடலாம். அடுத்து, தகடு மரத்தோடு சேரும் விளிம்பைப் பாருங்கள். நல்ல வேலையாள் செய்ததில் ஒரு தலைமயிர் நுழைய இடம் இருக்காது. திருகாணித் தலைகளின் வெட்டு எல்லாம் ஒரே திசையில் நிற்கிறதா என்றும் பாருங்கள், சிறந்த பட்டறைகளில் அதற்கும் மெனக்கெட்டார்கள்.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். பழைய தோட்டத்து வீடுகளை இடிக்கும்போதோ தாத்தாவின் பெட்டியைத் திறக்கும்போதோ துருப்பிடித்த துப்பாக்கியோ தோட்டாவோ கிடைத்தால், தொடாமல் அப்படியே வைத்துவிட்டுப் போலீசைக் கூப்பிடுங்கள். பழசுதானே என்று வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். இரண்டாவது, கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயம் தோண்டும் கப்பல்களிலும் தோட்டத்து ஃபேக்டரிகளிலும் கொல்லராக, ஃபிட்டராக, கடைசல்காரராக வேலை பார்த்த தமிழர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தால் அவர்களின் பெயர், ஊர், பயன்படுத்திய கருவிகளின் படம் ஆகியவற்றை எனக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த பதிவுகளில் ஒவ்வொருவராக எழுதப் போகிறேன்.